பெயெர்செபா: ஏழா, ஆணையா? அப்பா வைத்த பெயரா, மகன் வைத்த பெயரா?

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்

எல்லாருக்கும் தோத்திரம். பிள்ளைகளுக்கு ஈசாக்கின் துரவுகள் (கிணறுகள்) பாடம் எடுக்க வேண்டும். ஏசேக்கு, சித்னா, ரெகொபோத் வரைக்கும் சிக்கல் இல்லை. அதற்கு அடுத்ததில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆதியாகமம் 21:31-ல் ஈசாக்கின் தகப்பன் ஆபிரகாமும் கேரார் ராஜா அபிமெலேக்கும் ஆணையிட்டுக்கொண்டதால் அந்த இடத்துக்குப் பெயெர்செபா என்று பெயர் வந்ததாக இருக்கிறது. 26:33-ல் ஈசாக்கின் வேலைக்காரர் துரவு வெட்டித் தண்ணீர் கண்டார்கள், அவன் அதற்கு சேபா என்று பேரிட்டான், அதனால்தான் ஊருக்குப் பெயெர்செபா என்று பேர் என்கிறது. போதாததற்கு 21-ல் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகள் வேறு வருகின்றன. என்னிடம் இருக்கும் வேதாகம அகராதி 'ஏழின் கிணறு அல்லது ஆணையின் கிணறு' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த 'அல்லது'வை நான் எப்படி விளக்குவது? எபிரேயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலெஃப்பேத்

டீச்சர், நல்ல இடத்தில் கை வைத்தீர்கள்.

பெயரின் முதல் பாதியில் தகராறு இல்லை. 'பெஎர்' என்றால் மனிதர் தோண்டிய கிணறு. தானாகப் பொங்கும் ஊற்றுக்கு 'அயின்'. மழைநீரைப் பிடித்து வைக்கும் தொட்டிக்கு 'போர்'. ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் இந்த மூன்றையும் யாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆபிரகாம் வீட்டுப் பணிப்பெண் ஆகாரின் கதையில் வரும் பெயெர்லாகாய்ரோயீயிலும் இதே பெஎர்தான்.

இரண்டாம் பாதி 'ஷெவா'. ஷீன், பேத், அயின் என்ற மூன்று எழுத்துகள். இது நேரடியாக 'ஏழு' என்ற எண். இதே மூன்று எழுத்து வேரிலிருந்துதான் ஆணையிடுவதைக் குறிக்கும் 'நிஷ்பா' என்ற வினையும் வருகிறது. ஆணை என்ற பெயர்ச்சொல் 'ஷெவுஆ'. ஆகவே எபிரேயக் காதில் ஏழும் ஆணையும் ஒரே ஓசைக் குடும்பம்.

21-ஆம் அதிகாரத்தை எபிரேயத்தில் வாசித்தால் கதை சொல்பவர் இதை வைத்து விளையாடுவது தெரியும். 23, 24, 31 வசனங்களில் ஆணையிடும் வினை மூன்று முறை. 28, 29, 30 வசனங்களில் ஏழு என்ற எண் மூன்று முறை. ஆணை, ஆணை, ஏழு, ஏழு, ஏழு, ஆணை என்று பின்னிவிட்டுக் கடைசியில் ஊர்ப்பெயரை வைக்கிறார். காரணம் சொல்லும்போது மட்டும் 'இருவரும் ஆணையிட்டதால்' என்கிறார். ஆட்டுக்குட்டிகளைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி மூன்று முறை ஏழை நம் காதில் போட்டுவிட்டார்.

என் கருத்தைக் கேட்டால், சொல் அமைப்பின்படி அது 'ஏழின் கிணறு'. ஆணையின் கிணறு என்று சொல்ல வேண்டுமென்றால் 'பெஎர் ஷெவுஆ' என்று இருந்திருக்கும். ஆணை என்பது கதை அந்தப் பெயருக்குத் தரும் பொருள்.

பாளையங்கோட்டைக்காரர்

அருமையான விளக்கம் தம்பி. ஆனாலும் வேதமே காரணம் சொல்லியிருக்கும்போது நாம் சொல் அமைப்பைக் கொண்டு வேறு காரணம் தேடுவானேன்?

டீச்சரம்மா, அப்பாவா மகனா என்ற கேள்விக்கு 26:18-லேயே பதில் இருக்கிறது. ஆபிரகாம் வெட்டின துரவுகளைப் பெலிஸ்தர் தூர்த்துப்போட்டார்கள். ஈசாக்கு அவைகளை மறுபடியும் தோண்டித் தன் தகப்பன் இட்ட பேர்களையே இட்டான். பெயெர்செபாவிலும் நடந்தது அதுதான். தகப்பன் காலத்து உடன்படிக்கையை மகன் புதுப்பித்தான், தகப்பன் வைத்த பெயரையும் புதுப்பித்தான். நம்மூரில் சொத்துப் பத்திரத்தை மகன் பேருக்கு மாற்றி எழுதுவதில்லையா? பிள்ளைகளுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

சும்மா எட்டிப்பார்த்தவன்

நான் கிறிஸ்தவன் இல்லை, ஊர்ப்பெயர் ஆய்வு என்றால் வந்துவிடுவேன். இரண்டு கேள்விகள்.

ஒன்று, ஏழு கிணறுகள் இருந்ததால் அந்தப் பெயர் வந்திருக்கக் கூடாதா? இவ்வளவு எளிய விளக்கத்தை விட்டுவிட்டு ஆடு, ஆணை என்று ஏன் போகிறீர்கள்?

இரண்டு, சாலமோனைப் பார்க்க வந்த சேபா நாட்டு ராணி இந்த ஊர்க்காரியா?

அலெஃப்பேத்

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இல்லை. அந்தச் சேபா அலெஃப் என்ற எழுத்தில் முடிகிறது, தென் அரபு நாடு. இந்தச் சேபா அயினில் முடிகிறது. தமிழில் அலெஃபும் கிடையாது, அயினும் கிடையாது. அதனால் 1 இராஜாக்கள் 10-இன் ராணியும், தாவீதுக்கு எதிராக எக்காளம் ஊதிய பிக்கிரியின் மகன் சேபாவும் (2 சாமுவேல் 20), ஈசாக்கின் துரவும் தமிழ் வேதாகமத்தில் ஒரே எழுத்தில் நிற்கின்றன. பிக்கிரியின் மகன் மட்டும் நம் கிணற்றுக்கு உறவு, அவன் பெயரிலும் அயின்தான்.

முதல் கேள்வி. ஏழு கிணறுகள் என்றால் எபிரேயத்தில் கிணறு பன்மையில் வந்திருக்கும், 'ஷெவா பெஎரோத்' என்பதுபோல. இங்கே கிணறு ஒருமை. 'ஏழினுடைய கிணறு' என்றுதான் சொற்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. 1838-ல் அங்கே போன அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் ராபின்சன் பார்த்தது இரண்டு பெரிய கிணறுகள். பின்னால் போனவர்களில் மூன்று என்றவர்களும் உண்டு, ஏழையும் பார்த்தேன் என்றவர்களும் உண்டு. பெயரைத் தெரிந்துகொண்டு போனால் எண்ணிக்கையும் அதற்கேற்ப வந்துவிடும் போலிருக்கிறது.

அண்ணாச்சி, 26:18 நல்ல வாதம். ஆனால் 26:32-ல் வேலைக்காரர்கள் 'தண்ணீர் கண்டோம்' என்று புதுச் செய்தியாக ஓடிவந்து சொல்கிறார்கள், 33-ல் 'ஆகையால்' என்று அப்போதுதான் ஊருக்குப் பெயர் வருகிறது. பழைய பெயரைத் திரும்ப வைத்ததாக அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதுமட்டுமல்ல, 21:14-ஐப் பாருங்கள். ஆகார் மகனோடு அலைந்தது 'பெயெர்செபாவின் வனாந்தரத்தில்'. பெயர் வைக்கப்படுவதோ பதினேழு வசனம் தள்ளி.

பாளையங்கோட்டைக்காரர்

அது எழுதினவர் தன் காலத்து வாசகர்களுக்குத் தெரிந்த பெயரில் சொல்கிறார் தம்பி. 'திருவள்ளுவர் சென்னையில் வாழ்ந்தார்' என்று சொல்வதில்லையா, அந்தக் காலத்தில் சென்னை ஏது?

அலெஃப்பேத்

ஒத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி. நான் சொல்ல வருவதும் அதுதான். எழுதியவருக்கும் வாசகருக்கும் ஊர்ப்பெயர் ஏற்கெனவே தெரியும். ஊர் முதலில் இருக்கிறது, பெயர் புழக்கத்தில் இருக்கிறது, அதற்கு ஏன் இந்தப் பெயர் என்று கதை பதில் சொல்கிறது. பதில் ஒன்றுக்கு மேல் இருந்தபோது தொகுத்தவர்கள் எதையும் தூக்கி எறியவில்லை. ஐந்தாகமத்தின் மூல ஆவணங்களைப் பிரித்துப் பார்க்கும் அறிஞர்கள் 21-ஐ ஒரு மரபுக்கும் 26-ஐ இன்னொரு மரபுக்கும் கொடுப்பார்கள். அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் இரண்டிலும் அதே அபிமெலேக்கு, அதே சேனாபதி பிகோல், அதே ஆணை என்பது கண்ணில் படத்தான் செய்யும். 26-இன் ஆணைக் காட்சியில் ஏழு என்ற எண்ணே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆட்டுக்குட்டி கிடையாது, விருந்துதான்.

கத்தோலிக்க வாசகன்

எங்கள் திருவிவிலியத்தில் ஆதியாகமத்தைத் தொடக்கநூல் என்போம், அதே 26:33-க்கு ஒரு சுவையான கிளைக்கதை.

ஈசாக்கு கிணற்றுக்கு இட்ட பெயர் எபிரேயத்தில் 'ஷிவ்ஆ'. உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் ஷீன், பேத், அயின், ஹே என்ற நான்கு எழுத்து. பழைய சுவடிகளில் உயிர்க்குறிகள் கிடையாது. அவற்றைப் போட்டவர்கள் மசோரா அறிஞர்கள், அதுவும் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அவர்கள் ஏழு என்று படிக்கும்படி புள்ளி வைத்தார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதே எழுத்துகளை 'ஆணை' என்று படித்தார்கள். கிரேக்க ஆதியாகமத்தில் ஊர்ப்பெயரையே பெயராக விடாமல் 'ஆணையின் கிணறு' என்று பொருள்பெயர்த்துவிட்டார்கள். மற்ற நூல்களில் 'பெர்சபே' என்று ஒலிபெயர்த்திருக்கிறார்கள்.

கி.பி. 400-ஐ ஒட்டி இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம் இரண்டையும் விட்டுவிட்டு அந்தக் கிணற்றின் பெயரை 'நிறைவு' என்று எழுதினார்! அந்த முதல் எழுத்தின் மேல் வலப்பக்கம் புள்ளி வைத்தால் ஷீன், இடப்பக்கம் வைத்தால் ஸீன். ஸீன் என்று படித்தால் வேர் வயிறு நிறைவதைக் குறிக்கும். ஆக ஒரே நான்கு எழுத்தில் ஏழு, ஆணை, நிறைவு என மூன்று வாசிப்பு. பாலைநிலத்தில் தண்ணீர் கண்டவன் 'நிறைவு' என்று பெயர் வைத்தான் என்பது எனக்கென்னவோ மிகப் பிடித்திருக்கிறது, இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

அலெஃப்பேத்

சண்டை இல்லை, ஆனால் அந்த வாசிப்பில் ஊர்ப்பெயரோடு தொடர்பு அறுந்துபோகிறது. 'நிறைவு என்று பேரிட்டான், ஆகையால் ஊருக்கு ஏழின் கிணறு என்று பெயர்' என்றால் அந்த 'ஆகையால்' அந்தரத்தில் தொங்கும். அழகு இருக்கிறது, காரணம் இல்லை.

காயல்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும். அரபியில் இந்த ஊர் பிஅர் அஸ்ஸபா. அரபியில் ஏழுக்கு 'ஸப்அ'. சூரத்துல் பகராவின் 29-ஆம் வசனத்தில் ஏழு வானங்களுக்கு 'ஸப்அ ஸமாவாத்' என்று வருவது ஓதுகிறவர்களுக்குத் தெரியும். எபிரேயத்தில் ஷ, அரபியில் ஸ, மற்றபடி அதே சொல்.

அரபியில் இன்னொரு வேடிக்கை. கொன்று தின்னும் விலங்குக்கு, குறிப்பாகச் சிங்கத்துக்கு, 'ஸபுஉ' என்பார்கள். சூரத்துல் மாயிதாவின் 3-ஆம் வசனத்தில், காட்டு விலங்கு தின்று மிஞ்சியதை விலக்கும் இடத்தில் இந்தச் சொல்தான். அதனால் அரபி பேசுகிறவர்களில் அந்த ஊரைச் 'சிங்கக் கிணறு' என்று விளங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே ஆணையைப் பற்றிய பேச்சே எழாது. ஏனென்றால் அரபியில் சத்தியம் செய்வதற்கு 'ஹலஃப', 'அக்ஸம' என்று வேறு வேர்கள்.

ஹாஜரா அம்மையார் தண்ணீர் தேடியதை நாங்கள் மக்காவில், ஸம்ஸம் கிணற்றோடு சேர்த்து நினைக்கிறோம். ஆதியாகமம் அதைப் பெயெர்செபா வனாந்தரத்தில் வைக்கிறது. இரண்டு மரபிலும் ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு கிணறு.

சும்மா எட்டிப்பார்த்தவன்

காயல் பாய் சொன்னது ஒரு முடிச்சை அவிழ்க்கிறது, இன்னொன்றைப் போடுகிறது. ஏழு என்ற எண் செமித்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொது, ஆணை என்ற பொருள் அரபியில் அந்த வேருக்கு இல்லை என்றால் எபிரேயத்தில் மட்டும் ஏழிலிருந்து ஆணை எப்படி முளைத்தது?

எனக்கு ஹெரோடோட்டஸ் நினைவுக்கு வருகிறார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய வரலாற்றின் மூன்றாம் நூலில் அரேபியர் வாக்குக் கொடுக்கும் முறையைச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நடுவே மூன்றாமவன் ஒருவன் நின்று, கூரிய கல்லால் அவர்களுடைய உள்ளங்கையைக் கட்டைவிரல் பக்கம் கீறுவான். ஆடையிலிருந்து நூல் எடுத்து, அந்த இரத்தத்தில் தோய்த்து, நடுவில் கிடக்கும் ஏழு கற்களில் பூசுவான். தெய்வங்களின் பெயரைச் சொல்லுவான். இங்கே ஏழு கல், ஆபிரகாமிடம் ஏழு ஆட்டுக்குட்டி.

அலெஃப்பேத்

இந்த இடத்தைத்தான் விளக்கவுரையாளர்கள் பலர் காட்டுவார்கள். 'நிஷ்பா' என்ற வினையின் வடிவத்தை அப்படியே பெயர்த்தால் 'தன்னை ஏழாக்கிக்கொள்' என்பதுபோல இருக்கும். ஏழு சாட்சிப் பொருள்களை முன்வைத்துச் சத்தியம் செய்யும் வழக்கத்திலிருந்து சொல் பிறந்தது என்பது அவர்கள் கட்சி. இல்லை, வேர்கள் இரண்டு, ஓசை ஒன்றாகிப்போனது என்போரும் உண்டு. 21:30-ல் ஆபிரகாம் சொல்வது முதல் கட்சிக்கு வலுவாக இருக்கிறது. இந்தத் துரவை நான் தோண்டினேன் என்பதற்குச் சாட்சியாக இந்த ஏழையும் வாங்கிக்கொள் என்கிறான். குட்டிகள் அன்பளிப்பு இல்லை, உரிமைப் பத்திரம்.

பெண்களின் பெயர்களிலும் இந்த வேர் வாழ்கிறது. பத்சேபாள், ஆரோனின் மனைவி எலிசபாள், குழந்தை யோவாசை ஒளித்துக் காப்பாற்றிய யோசேபாள். நம் ஊர் எலிசபெத்துகள் எல்லாரும் அந்த எலிசபாளின் கிரேக்க வழி வாரிசுகள். 'என் தேவன் ஆணை' என்றும் சொல்வார்கள், 'என் தேவன் ஏழு, அதாவது முழுமை' என்றும் சொல்வார்கள். அங்கேயும் அதே இழுபறி.

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்

என் மகள் பெயரும் எலிசபெத்! இதை அவளிடம் சொல்லவேண்டும்.

ஒரு சின்ன சந்தேகம். தமிழில் ஏன் 'பெயெர்' என்று எழுதினார்கள்? எங்கள் சபையில் பாதிப்பேர் 'பெயர்செபா' என்றே வாசிக்கிறார்கள்.

சும்மா எட்டிப்பார்த்தவன்

டீச்சர், இதற்கு எபிரேயம் வேண்டாம், தமிழ் இலக்கணம் போதும். பெ-எர் என்று இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் தமிழ் நாக்கு நடுவில் ஒரு யகரத்தைச் சொருகும். உடம்படுமெய். பெ + எர் = பெயெர். எபிரேயத்தில் அந்த இடத்தில் தொண்டையில் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறது, அலெஃப். நாம் அதை 'ய்' போட்டுப் பாலம் கட்டிவிட்டோம். கடைசி அயினுக்கு அந்தப் பாக்கியமும் கிடைக்கவில்லை.

'துரவு' என்ற சொல்லை உங்கள் பழைய மொழிபெயர்ப்பு காப்பாற்றி வைத்திருப்பதும் எனக்குச் சந்தோஷம். வெளியே அது 'தோட்டந்துரவு' என்ற இணைச்சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மண்வெட்டி

இவ்வளவு நேரம் ஏட்டிலேயே தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் தரைக்கு வருவோம்.

இன்றைய பெயெர்செபா நகரத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி ஒரு மேடு இருக்கிறது. எபிரோன் ஓடையும் பெயெர்செபா ஓடையும் சேரும் இடத்துக்கு அருகில். தெல் பெயெர்செபா என்பார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோகனான் அகரோனி 1969-ல் தோண்ட ஆரம்பித்தார். 1976-ல் அவர் இறந்தபின் ஸெயெவ் ஹெர்ட்ஸோக் தொடர்ந்தார். 2005-ல் மெகிதோ, ஆத்சோரோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

நகர வாசலுக்கு வெளியே ஒரு கிணறு, 69 மீட்டர் ஆழம். ஓடைக்கரையில் தோண்டினால் அதில் கால்பங்கு ஆழத்திலேயே தண்ணீர் கிடைக்கும்போது மேட்டின் மேல் பாறையை இவ்வளவு ஆழம் குடைந்திருக்கிறார்கள். அகரோனி அதைக் கி.மு. 12-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய், ஆதியாகமக் கதைகளின் கிணறு இதுதான் என்றார். அந்தக் காலக்கணிப்பை எல்லாரும் ஏற்கவில்லை, மிகப் பிந்தையது என்பவர்கள் உண்டு. முற்பிதாக்களை வைக்கும் வழக்கமான காலமான கி.மு. இரண்டாயிரத்தை ஒட்டி அந்த மேட்டில் ஊரே கிடையாது. முதல் வீடுகள் இரும்புக் காலத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது பலிபீடம். 1973-ல் ஒரு பண்டகசாலைச் சுவரில் சில கற்கள் மற்றவற்றோடு பொருந்தாமல் தெரிந்தன. எடுத்துச் சேர்த்தால் நான்கு கொம்புள்ள பலிபீடம்! ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு கல்லில் பாம்பு உருவம். யாரோ கழற்றிச் சுவர் கட்ட வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யூதாவின் ராஜா எசேக்கியா வழிபாட்டு மேடைகளை அகற்றியதோடு இதைச் சேர்ப்பார் அகரோனி. அசீரியரான சனகெரிப் கி.மு. 701-ல் யூதா மேல் படையெடுத்தபோது இந்த ஊரும் அழிந்தது என்பது அவர் கணக்கு. பலிபீடத்தை இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், மேட்டில் இருப்பது பிரதி.

பாளையங்கோட்டைக்காரர்

ஊரே இல்லை என்கிறீர்களே, ஆபிரகாம் கூடாரத்தில் குடியிருந்தவர். 21-ல் ஒரு துரவும் ஒரு தோப்பும்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. கூடார முளை நாலாயிரம் வருஷம் மண்ணுக்குள் காத்துக்கொண்டிருக்குமா?

மண்வெட்டி

இருக்காதுதான். 21-ஐப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது நியாயம். 26:33 'ஊர்' என்கிறதே, அந்த இடத்தில்தான் எனக்குக் கேள்வி. அதுவும் 'இந்நாள்வரைக்கும்' என்ற சொல்லோடு வருகிறது. அது எழுதியவர் காலத்து ஊர்.

கத்தோலிக்க வாசகன்

பலிபீடம் என்றதும் இறைவாக்கினர் ஆமோஸ் வருகிறார். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. 5:5-ல் பெத்தேலை நாடாதே, கில்காலுக்குப் போகாதே, பெயெர்செபாவுக்குக் கடந்து செல்லாதே என்கிறார். கில்காலுக்கு அங்கேயே ஒரு சொல்விளையாட்டு வைக்கிறார், பெயெர்செபாவுக்கு வைக்கவில்லை. 8:14-ல் பாருங்கள். சமாரியாவின் குற்றத்தின்மேல் ஆணையிடுகிறவர்கள், தாணின் தெய்வத்தைச் சொல்லி, பெயெர்செபாவின் வழியைச் சொல்லி ஆணையிடுகிறவர்கள் விழுவார்கள் என்கிறார். அந்த 'ஆணையிடுகிறவர்கள்' நம் வேர்தான், 'நிஷ்பாயீம்'. ஆணையின் கிணற்றைச் சொல்லியே பொய்த் தெய்வத்துக்கு ஆணையிடுகிறார்கள் என்ற குத்தல் எபிரேயக் காதுக்கு மட்டும் கேட்கும். தாண் வடக்கு எல்லை, பெயெர்செபா தெற்கு எல்லை. 'தாண் துவக்கிப் பெயெர்செபா மட்டும்' என்ற பழக்கத்தொடரும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அலெஃப்பேத்

அருமை. ஆமோஸ் காலத்திலேயே அந்தப் பெயரில் ஆணையைக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 'ஏழு' சொல்லின் அமைப்பில் இருக்கிறது, 'ஆணை' அதைப் பேசிய மக்கள் காதில் இருந்தது. டீச்சர், உங்கள் 'அல்லது'வை 'உம்' என்று மாற்றிவிடுங்கள்: ஏழும் ஆணையும்.

பாளையங்கோட்டைக்காரர்

இதில் எனக்கு முழுச் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன். யோசுவா 19:2-ல் சிமியோன் கோத்திரத்துக்குக் கிடைத்த பட்டணங்களில் 'பெயெர்செபா, சேபா, மொலாதா' என்று வருகிறது. சேபா தனி ஊரா? எண்ணினால் 14 வருகிறது, 6-ஆம் வசனம் 13 என்கிறது.

அலெஃப்பேத்

1 நாளாகமம் 4:28-ல் அதே பட்டியல் இருக்கிறது. அங்கே சேபா இல்லை, பெயெர்செபாவுக்கு அடுத்து நேராக மொலாதா. எழுதியவர் கை 'ஷெவா'வை இரண்டு முறை எழுதிவிட்டது என்பது ஒரு விளக்கம், அதை எடுத்துவிட்டால் கணக்கும் 13 ஆகிவிடும். இன்னொரு விளக்கம் யோசுவா 15:26-ஐக் காட்டும். அங்கே மொலாதாவுக்கு முன்னால் நிற்பது சேமா. பேத்தும் மேமும் இடம் மாறியிருக்கலாம், கிரேக்கத்திலும் ம-தான் வருகிறது. கணக்கு அப்போதும் இடிக்கும்.

மண்வெட்டி

அந்த இரண்டாம் ஊரான சேபாவைத்தான் சிலர் நம் மேட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய பெயெர்செபா இன்றைய நகரத்துக்கு அடியிலேயே, ராபின்சன் பார்த்த கிணறுகளின் பக்கம் இருந்தது என்பது அவர்கள் வாதம். அங்கேயும் இரும்புக் கால ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் 1900-ல் உதுமானியர் கட்டிய நகரம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, வீடுகளுக்கு அடியில் எவ்வளவுதான் தோண்ட முடியும்?